முதல் 10 கிலோமீட்டர்: பினாங்கில் ஓடத் தொடங்குவோருக்கு

நம்ம ஊரில் ஓட்டம் என்று எது நடந்தாலும் அதற்குப் பெயர் மாரத்தான். நிதி திரட்ட 5 கிலோமீட்டர் ஓடினாலும் மாரத்தான். அலுவலகத்தில் மதியம் உட்கார்ந்து இருட்டிய பிறகும் எழ முடியாத கூட்டம் மாரத்தான் மீட்டிங். சனிக்கிழமை ராத்திரி தூங்காமல் தொடர் பார்த்தால் அதுவும் மாரத்தான்தான். பேச்சுக்கு இதெல்லாம் சரி, கேட்பவருக்குப் புரிந்துவிடும். பதிவுப் படிவத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர், ஒரு மீட்டர்கூடக் குறையாது.

படி 1: தூரத்தைத் தேர்ந்தெடுங்கள்

பினாங்குப் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். அதை மூன்று தடவை கடந்த பிறகும் முழு மாரத்தான் முடிய இன்னும் ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர் பாக்கி இருக்கும். 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓடியது சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 என்ற தூரம் 1921இல் நிரந்தரமானது. பாதி மாரத்தான் 21 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர் 10 கிலோமீட்டர் பிரிவில் பெயர் கொடுப்பதே நல்லது. போட்டிக்குக் குறைந்தது 12 வாரம் இருக்கட்டும். பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: உங்கள் பிரிவு எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழித்தட வரைபடம் எங்கே போகிறது. பாலத்தில் ஓடுவதற்காகவே பதிவு செய்கிறவர்கள் நிறைய பேர். நீங்கள் கட்டும் பிரிவு பாலத்தில் ஏறுகிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

படி 2: டாக்டரைப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மலேசியாவில் நீரிழிவு அதிகமாக இருப்பது நம் இந்தியர்களிடம்தான். இனிப்புநீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். எப்போது சாப்பிடுவது, மருந்து அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். ரத்த அழுத்தம், நெஞ்சுவலி, குடும்பத்தில் இருதய நோய் இருந்தாலும் இதே பேச்சுதான்.

படி 3: காலணி

சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடையிலேயே நாலு அடி ஓடிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். விலை கூடினால் வேகம் கூடும் என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

படி 4: முதல் ஆறு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம். ஐந்து நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போகவேண்டும். மூன்று வாரம் போன பிறகு அதைத் திருப்பிப் போடுங்கள்: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை.

எவ்வளவு வேகம்? மாமாக் கடையில் ‘அண்ணே, ரொட்டி சானாய் ரெண்டு, தே தாரிக் ஒண்ணு, சீனி கம்மியா’ என்று மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வேகம். நடுவில் மூச்சுக்கு நிறுத்த வேண்டி வந்தால் வேகம் அதிகம். புதியவர்களில் பாதிப்பேர் விட்டுவிட்டுப் போவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். முதல் நாளே பள்ளிக்கூட 100 மீட்டர் ஓட்டம் மாதிரி பாய்ந்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மெதுவாக ஓடுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். பக்கத்தில் ஒரு பாட்டி நடந்தே உங்களைத் தாண்டினால் தாண்டட்டும்.

நம் வெயிலை மறந்துவிடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. அதனால் குளிர்நாட்டுப் பயிற்சித் திட்டங்களில் இருக்கும் வேகத்தை அப்படியே எடுக்காதீர்கள். ஓடும்போது தலை சுற்றுவது, உடம்பு சிலிர்ப்பது, குமட்டுவது போல் இருந்தால் உடனே நின்று நிழலுக்குப் போய் உடம்பை நனையுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்றைக்கு வெளியே ஓட்டம் கிடையாது.

படி 5: எங்கே ஓடுவது

தண்ணீர்மலைப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தாவரவியல் பூங்கா. 1884இல் தொடங்கியது, மரநிழல் நிறைய, சிறு ஏற்றங்களும் உண்டு. பிளாஸ்டிக் பையில் எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். குரங்குகளுக்குப் பையின் சரசர சத்தம் கேட்டாலே போதும், பை உங்களுடையது இல்லை. மேடு வேண்டாம் என்றால் கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரம் சமதரை. விடிவதற்கு முன் போனால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: தூரத்தைக் கூட்டுங்கள்

ஏழாவது வாரத்திலிருந்து ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் 4 கிலோமீட்டரில் ஆரம்பித்து வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டினால், பதினொன்றாவது வாரம் 8 வரும். அது போதும், மிச்ச இரண்டைப் போட்டி நாள் பார்த்துக்கொள்ளும். கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

படி 7: முந்தின நாள், போட்டி நாள்

இரவு வழக்கமான சோறு, காரம் குறைவாக. சம்பல் தூக்கலாகப் போட்ட நாசி லெமாக் ஓட்டம் முடிந்த பிறகு. படுக்கப் போகுமுன் எண் அட்டையை நான்கு ஊக்குகளாலும் சட்டையின் முன்பக்கத்தில் குத்திவிடுங்கள். இருட்டில், கூட்டத்தில் நின்று குத்தினால் ஊக்கு விரலில்தான் ஏறும். தொடை, அக்குள், ஆண்களுக்கு மார்பு நுனி ஆகிய இடங்களில் வாஸ்லைன் தடவுங்கள். பருத்திச் சட்டை வியர்வையைக் குடித்துக் கனத்து உரசும், அதனால் சீக்கிரம் காயும் துணியைப் போடுங்கள். அன்றைக்குப் புதுக் காலணியும் வேண்டாம், புதுக் காலுறையும் வேண்டாம்.

தாகம் எடுக்கும் அளவுக்குக் குடியுங்கள். தண்ணீர் நிலையத்துக்கு நிலையம் குடம் குடமாகக் குடித்தாலும் ரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகலாம். குடிக்கும்போது ஓரமாக ஒதுங்கி நடங்கள், பின்னால் வருகிறவர் மோதாமல் இருப்பார்.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். பதக்கத்தை வாங்கிக்கொண்டு, மைலோ வண்டி நின்றால் வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள். மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். மாடிப்படி இறங்கும்போதுதான் தெரியும். கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினால் வலி குறைவு.