சுமையோடு மலையேறும் சைக்கிள் நாள்: இறக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

பஞ்சர் ஒட்டவும் பை கட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. முதல் நாள் இரவே ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள். மலையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. சுமையோடு எனக்கு மணிக்கு 400 மீட்டர் உயரம்தான் ஏற முடிகிறது. 1,200 மீட்டர் ஏற்றம் என்றால், நிற்காமல் மிதித்தாலும் 3 மணி நேரம். அதனால் விடியும்போதே கிளம்பிவிடுங்கள்.

2. கியர். முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தைவிடப் பின்னால் உள்ள பெரியதில் பற்கள் கூடுதலாக இருக்கட்டும். என்னுடையதில் முன்னால் 30, பின்னால் 34. 7 கிலோமீட்டர் வேகத்திலும் நிமிடத்துக்கு 60 சுற்றுக்கு மேல் மிதிக்கலாம், முட்டி தப்பிக்கும். சுமைப் பயணம் என்றால், முன்பக்கத்தில் 3 பல்சக்கரம் உள்ள பழைய அமைப்புதான் என் தேர்வு. எடை கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

3. ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு இருக்க வேண்டும். இல்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். பசிக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

4. உச்சியில் முதல் வேலை, நனைந்த சட்டையை மாற்றுவது. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஈரச் சட்டையோடு காற்றில் இறங்கினால் விரல் மரத்துப்போய் பிரேக்கே பிடிக்க வராது.

5. இறக்கம். நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். முதல் பயணத்தில் பயந்து, இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடியே இறங்கினேன். பாதி வழியில் கருகல் வாடை. அடுத்த வளைவுக்கு முன்னால் பின் டியூப் வெடித்தது. முன் டியூபாக இருந்திருந்தால் பள்ளத்தில்தான் கிடந்திருப்பேன்.

ஏன் அப்படி? ஆளும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1,000 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். வேகமாகப் போனால் அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனால் கிட்டத்தட்ட எல்லாம் பிரேக்குக்குத்தான். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கில் அந்தச் சூடு டியூபுக்குப் போகும், சக்கர நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க்கில் பிரேக் கட்டை பளபளத்துப் பிடிமானம் போய்விடும்.

ஆகவே, பாதை தெளிவாகத் தெரியும் நேர்ச்சாலையில் பிரேக்கை விட்டுவிடுங்கள். வளைவுக்கு நன்றாக முன்பே, சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போது இரண்டையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். அப்புறம் விட்டுவிட்டு வளையுங்கள். அழுத்து, விடு, ஆற விடு. வேகம் பயமாக இருந்தால் அடிக்கடி நின்று ஆறவிட்டுப் போங்கள், அதில் தப்பே இல்லை. நின்றதும் டிஸ்க்கில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். 'சுர்ர்' என்று சீறினால் இன்னும் பத்து நிமிடம் உட்காருங்கள். விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: இறக்கத்தில் ஹேண்டில்பார் தானாக உதறுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பையில் கனமான சாமான் மேலே இருந்தாலோ, பை ஆடினாலோ இப்படி வரும். உதறும்போது இறுக்கிப் பிடிக்காதீர்கள். கையைத் தளர்த்தி, ஒரு முட்டியைச் சட்டத்தின் மேல்குழாயோடு அழுத்தி, மெல்ல வேகத்தைக் குறையுங்கள், அடங்கிவிடும். நின்ற பிறகு கனமானதைப் பையின் அடியில் மாற்றி வையுங்கள்.