வாய்வழி மருந்திடும் கைத்துப்பாக்கி: 25 மீட்டரில் துளைகளை நெருக்கமாக விழவைப்பது எப்படி?

ஒரு குண்டு கருவட்டத்துக்குள், அடுத்தது ஐந்தாம் வளையத்தில், மூன்றாவது அட்டையின் ஓரத்தில். வாய்வழி மருந்திடும் கைத்துப்பாக்கியை, அதாவது குழலின் வாய் வழியாகவே வெடிமருந்தையும் குண்டையும் நிரப்பும் பழைய வகைத் துப்பாக்கியை, வாங்கிய புதிதில் பலருடைய அட்டையும் இப்படித்தான் இருக்கும். உடனே கைநடுக்கத்தின் மேல் பழியைப் போடுவார்கள். என் அனுபவத்தில் பாதித் தவறு கையில் இல்லை, மருந்து நிரப்பும் மேசையில்தான் இருக்கிறது. தோட்டா போடும் துப்பாக்கியில் தொழிற்சாலை செய்து கொடுக்கும் வேலையை இங்கே ஒவ்வொரு சுடலுக்கும் நீங்களே செய்கிறீர்கள். அந்த வேலை ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால் துளைகள் தானாக நெருங்கிவரும்.

உரிமம், சுடுதள விதிகள், கண்-காதுக் காப்பு எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: கருமருந்தையோ (கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய வகை வெடிமருந்து), தயாரிப்பாளர் அனுமதித்த மாற்று மருந்தையோ மட்டும்தான் போட வேண்டும். புகையற்ற நவீன மருந்து துளி போனாலும் குழல் வெடிக்கக்கூடும்.

1. குண்டும் துணியும்

0.45 அங்குலக் குழலுக்கு 0.440 அங்குல உருண்டைக் குண்டிலிருந்து தொடங்குங்கள். சுத்தமான ஈயமாக இருக்கட்டும். கலப்பு ஈயம் கெட்டியாக இருப்பதால் துணியோடு இறுகி உட்காராது. இந்த அளவில் ஒரு குண்டு சுமார் 8.3 கிராம் இருக்கும். நீங்களே வார்த்தால் ஒவ்வொன்றையும் தராசில் வையுங்கள். மற்றதைவிட எடை குறைந்த குண்டுக்குள் காற்றுக்குமிழி இருக்கும், அதைத் திரும்ப உருக்கிவிடலாம். வார்ப்பு மூக்கு இருக்கும் பக்கம் எப்போதும் மேலே, நடுவில் வர வேண்டும்.

குண்டைச் சுற்றும் பேட்ச் பருத்தித் துணியாக இருக்க வேண்டும். செயற்கை இழை கலந்தது உருகும். துணியின் தடிமனைக் கண்ணால் மதிப்பிடாமல் காலிப்பரில் அளந்து பாருங்கள். 0.25 முதல் 0.38 மி.மீ. வரை சில துணிகளைச் சோதித்து, ஒன்றைத் தேர்ந்ததும் அதே துணியில் மொத்தமாக வாங்கி வைத்துவிடுங்கள்.

2. மருந்து

கைத்துப்பாக்கிக்கு மூன்று எஃப் (FFFg) எனப்படும் நுண்மணிக் கருமருந்துப் பொடிதான் என் தேர்வு. தயாரிப்பாளர் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவில் ஆரம்பித்து, ஒவ்வொரு கிரெயினாக (சுமார் 0.065 கிராம்) ஏற்றி, ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். கையேட்டின் உச்ச வரம்பைத் தொடவே தேவையிருக்காது. அட்டையில் ஓட்டை போடப் பெரிய வேகம் வேண்டாம். குறைந்த மருந்தில் உதைப்பும் குறைவு, மணிக்கட்டும் சோராது.

அளந்த மருந்தை வீட்டிலேயே சிறு குழாய்களில் தனித்தனியாக அடைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு கனல் மிச்சமிருந்தால் குடுவை முழுதும் கையிலேயே வெடிக்கும். சர்வதேசப் போட்டி விதிகளும் தனிக் குழாய்களைத்தான் கேட்கின்றன.

3. துடைப்பு: முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்

இந்தப் படியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். கருமருந்து எரிந்தபின் குழலின் புரிகளில் (உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்களில்) கரி படியும். அடுத்த குண்டு அந்தக் கரிமேல் உரசிக்கொண்டு இறங்கும். மூன்றாவது குண்டை அழுத்த இன்னும் பலம் வேண்டும். இப்படிப் போனால் எந்த இரண்டு குண்டும் ஒரே நிலையில் கிளம்பாது. அதனால் ஒவ்வொரு சுடலுக்குப் பிறகும் ஈரத் துணியால் ஒரு இழுப்பு, காய்ந்த துணியால் ஒரு இழுப்பு. மூன்று சுடலுக்கு ஒருமுறை போதும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

துடைத்தும் சிலருக்குத் துப்பாக்கி தாமதமாக வெடிக்கும், அல்லது கேப் (சுத்தியல் அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடி) மட்டும் பொரிந்து நிற்கும். காரணம் துடைக்கும் கோலின் நுனியில் துணியைத் தாங்கும் வரிவரியான முனை, அதாவது ஜேக். அது குழலுக்குள் இறுக்கமாக இருந்தால், கரியை வழித்துக் கீழே தள்ளி, நிப்பிளிலிருந்து (கேப் மாட்டும் துளையுள்ள முளையிலிருந்து) தீப்பொறி வரும் வழியை அடைத்துவிடும். ஜேக் சற்று ஒல்லியாக இருக்க வேண்டும். அப்போது இறங்கும்போது துணி கரியின்மேல் வழுக்கிப் போகும். மேலே இழுக்கும்போது ஜேக்கின் வரிகளில் துணி சுருண்டு திரண்டு, கரியை வாரிக்கொண்டு வரும். வெளியே வந்த துணியைப் பாருங்கள்: விளிம்பு மடிப்புகளில் கறுப்புச் சேறு திரண்டிருந்தால் சரியாக வேலை செய்திருக்கிறது.

துணி ஈரமாக இருக்கட்டும், சொட்டக் கூடாது. பிழிந்தால் ஒரு துளிகூட விழாத அளவு. காற்று வறண்ட நாளில் கரி இறுகிப்போகும், கொஞ்சம் கூடுதல் ஈரம் வேண்டும். ஈரப்பதமான நாளில் குறைத்துக்கொள்ளலாம்.

4. திணிப்பது

குண்டு மருந்தின்மேல் இடைவெளியின்றி உட்கார வேண்டும். நடுவில் நின்றால் குழல் புடைத்துவிடும். சரியாக உட்கார்ந்த நிலையில், குழல் வாயை ஒட்டிக் கோலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கோடு அதே இடத்துக்கு வர வேண்டும். இடிக்காதீர்கள், ஈயம் சப்பிவிடும். ஒரே சீரான அழுத்தம் போதும். முகமும் உள்ளங்கையும் கோலின் நேர்மேலே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேப் எப்போதும் கடைசியில், சுடும் மேடையில், குழல் இலக்கை நோக்கியபிறகுதான்.

5. சுட்ட துணியைப் படிப்பது

சுடுதளத்தில் எல்லோரும் சுடுவதை நிறுத்தியதும் சில அடி முன்னால் கிடக்கும் பேட்ச்களைப் பொறுக்குங்கள். நடுவில் வட்டக் கறை, ஓரம் மட்டும் பிசிர் என்றால் நல்லது. நடுவில் கருகி ஓட்டையானால் துணி மெலிசு, அல்லது துணியில் தடவிய எண்ணெய் போதவில்லை. வரிவரியாகக் கிழிந்தால் புரியின் விளிம்போ குழல் வாயோ கூராக இருக்கிறது. நல்ல துப்பாக்கித் தொழிலாளியிடம் காட்டுங்கள்.

6. குறியும் விசையும்

கண் குழல் நுனியிலுள்ள முன்குறியில்தான் இருக்க வேண்டும். கருவட்டம் மங்கலாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். விசையைத் தட்டாமல் அழுத்துங்கள். சுத்தியல் விழுந்து, கேப் வெடித்து, மருந்து பற்றி, குண்டு வெளியேற நேரம் பிடிக்கும். சக்கிமுக்கித் துப்பாக்கியில் இன்னும் அதிகம். வெடித்தபிறகும் புகைக்குள் அதே நிலையில் ஒரு மூச்சு நேரம் நில்லுங்கள்.

துளைகள் நெருங்கிவிட்டன, ஆனால் கூட்டமாகக் கீழே விழுகின்றன என்றால் முன்குறியை அரத்தால் ராவ வேண்டும். கணக்கு எளிது: 25 மீட்டரில் 10 செ.மீ. கீழே, முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 22 செ.மீ. என்றால் 10 × 0.22 ÷ 25, அதாவது 0.88 மி.மீ. முதலில் பாதியை மட்டும் ராவி, சுட்டுப் பார்த்துவிட்டு மீதியைத் தொடுங்கள். மருந்தின் அளவு முடிவாகும்வரை அரத்தை எடுக்கவே வேண்டாம், மருந்து மாறினால் குண்டு விழும் உயரமும் மாறும்.

பிற்சேர்க்கை: "முதல் குண்டு மட்டும் விலகுகிறது" என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். குழலில் பாதுகாப்புக்குப் பூசிய எண்ணெய்தான் காரணம். ஆல்கஹால் நனைத்த துணியால் எண்ணெயை எடுத்து, காய்ந்த துணியால் துடைத்து, மருந்திடும் முன் வெறும் கேப் இரண்டை வெடித்துவிடுங்கள். போட்டியில் இது பெரிய தொல்லையில்லை. வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளுக்கான சர்வதேச அமைப்பான எம்.எல்.ஏ.ஐ.சி. விதிப்படி 30 நிமிடத்தில் 13 குண்டு சுடலாம், சிறந்த 10 மட்டும் கணக்கு.

இன்னொன்று: கேப் வெடித்தும் துப்பாக்கி வெடிக்காவிட்டால், குழலை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடமாவது காத்திருங்கள். தாமதமாகப் பற்றலாம். அதன்பின் நிப்பிளின் துளையைக் கம்பியால் குத்தி, புதுக் கேப் போட்டு முயலுங்கள். அப்போதும் வெடிக்காவிட்டால் சுடுதளப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.