கரையோர ஊர்களின் உறவு வலை: திட்டம் போடுகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

சமூக வலைப்பின்னல் என்று வாயைத் திறந்தாலே பாதிப் பேருக்கு வாட்ஸ்அப் குழுதான் நினைவுக்கு வருகிறது. முதல் தவறே அதுதான். நான் சொல்ல வருவது செயலியைப் பற்றி இல்லை. கடல் சூடாகி மீன் இடம் மாறும்போது, கரை அரித்துக்கொண்டு வரும்போது, பவளப்பாறை வெளுத்துப்போகும்போது, ஒரு கரையோர ஊரில் யார் யாரிடம் போய்க் கேட்கிறார்கள், யார் சொன்னால் நம்புகிறார்கள், யாருடைய படகு உடைந்தால் யார் கை கொடுக்கிறார்கள் என்கிற உறவுகளின் பின்னலைப் பற்றித்தான். போன் அந்தப் பின்னலில் ஓடுகிற ஒரு கம்பி, அவ்வளவே. பேச ஆளே இல்லாத இடத்தில் கம்பி இழுத்து என்ன பயன்?

ஒரே கடல், ஒரே பாதிப்பு. ஆனாலும் அடுத்தடுத்த வீடுகள் வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. ஒருவர் வலையை மாற்றி, நேரத்தை மாற்றி, அதே தொழிலில் சமாளிக்கிறார். இன்னொருவர் தொழிலையே விட்டுவிட்டு வேறு பிழைப்புக்குப் போகிறார். மூன்றாவது வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. காசு இருப்பவன் மாறுவான், இல்லாதவன் மாட்டான் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடத் தோன்றும். பப்புவா நியூ கினியில் 138 கரையோரக் குடும்பங்களை வைத்து மிஷேல் பார்ன்ஸ் என்கிற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, விஷயம் அவ்வளவு எளிதில்லை என்று காட்டியது. கையிருப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு குடும்பம் யாரோடெல்லாம் தொடர்பில் இருக்கிறது என்பதற்கும், அது சமாளிக்கிறதா அல்லது அடியோடு மாறுகிறதா என்பதற்கும் சம்பந்தம் இருந்தது.

சரி, உறவுதான் முக்கியம் என்று புரிந்துகொண்டவர்கள் உடனே போய் விழுகிற அடுத்த குழி, "ஒற்றுமையான ஊர் என்றால் நன்றாகச் சமாளிக்கும்" என்பது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். கேட்கவும் நன்றாக இருக்கிறது, அறிக்கையில் எழுதவும் வசதியாக இருக்கிறது. ஆனால் நெருக்கம் என்பது உள்ளே இருப்பவர்களைக் கட்டிப்போடுகிற கயிறும்கூட.

ஹவாயில் நீண்ட கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்களைக் கட்டிச் சூரை மீன் பிடிக்கிற படகுகளைப் பாருங்கள். ஒரே துறைமுகம், ஒரே கடல். ஆனால் வியட்நாமிய அமெரிக்கர், கொரிய அமெரிக்கர், ஐரோப்பிய அமெரிக்கர் என்று மூன்று கூட்டம், அவரவர் பெரும்பாலும் அவரவர் ஆட்களோடு மட்டும்தான் தொழில் விஷயம் பேசுகிறார்கள். சூரைக்குப் போட்ட தூண்டிலில் சுறா மாட்டிக்கொள்வது எல்லாருக்கும் தலைவலிதான், அதைக் குறைக்கிற வித்தையும் அதே துறைமுகத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு கூட்டத்தில் மாட்டுகிற சுறாக்கள் குறைவு, மற்றதில் அதிகம், வித்தை மட்டும் வேலி தாண்டவில்லை. அது தாண்டியிருந்தால் 2008 முதல் 2012 வரை 46,000-க்கும் மேற்பட்ட சுறாக்கள் தப்பியிருக்கக்கூடும் என்று 2016-ல் வந்த ஆய்வு கணக்குப் போட்டது. இத்தனைக்கும் அவர்களுக்குள் சண்டை எதுவும் வேண்டியதில்லை. தன்னைப் போல இருப்பவரோடு உட்கார்ந்து பேசுவது யாருக்கும் சுகம், அந்தச் சுகத்துக்குக் கொடுத்த விலைதான் அந்தச் சுறாக்கள்.

அதனால்தான் இந்தத் துறையில் மூன்று வகைத் தொடர்புகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். சொந்தபந்தம், கூட்டாளி என்று உள்ளுக்குள் இறுக்கிக் கட்டுகிற தொடர்பு ஒன்று. வேறு கூட்டத்துக்கு, வேறு ஊருக்குப் பாலம் போடுகிற தொடர்பு இன்னொன்று. அரசு அதிகாரி, வங்கி, ஆய்வாளர் என்று மேலே இருப்பவர்களை எட்டுகிற தொடர்பு மூன்றாவது. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. புயல் அடித்த இரவில் முதல் வகை இல்லாதவர் தனித்து நிற்பார், ஆறு மாதம் கழித்து நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்க மூன்றாவது வகை இல்லாதவர் அலைந்துகொண்டிருப்பார்.

பட்டியல் என்றதும் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் டேனியல் ஆல்ட்ரிச் என்கிற அரசியல் ஆய்வாளர் செய்த ஆய்வுகளில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே தெரிந்தன. ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்து, வெளியிலிருந்து வந்த உதவி அமைப்புகளோடும் அதற்குத் தொடர்பு இருந்த இடங்களில் நிவாரணம் வேகமாக வந்தது. அதே இடங்களில், அந்தப் பஞ்சாயத்தின் கணக்கில் இல்லாத தலித் மக்கள், பெண்கள், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் விடுபட்டார்கள். ஊர் எவ்வளவு இறுக்கமோ, விடுபட்டவர்களுக்கு அவ்வளவு சிரமம். "இந்த ஊர் பலமான ஊர்" என்று யாராவது எழுதியிருந்தால், அது யாருக்குப் பலம் என்று ஒரு கேள்வியைப் பக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

தலைவரிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரியா?

ஊரில் எல்லாரும் மதிக்கிற நாலு பேரைப் பிடித்து, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கிளம்பி வந்துவிடுவது ரொம்பப் பரவலான தவறு. கேட்டால், ஆய்வே அப்படித்தான் சொல்கிறது, வலைப்பின்னலின் மையத்தில் இருப்பவரைப் பிடி என்கிறது என்பார்கள். மையம்தான், எதற்கு மையம்?

பியாட்ரிஸ் குரோனா, ஓர்யான் போடின் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் கென்யாவின் கரையோரக் கிராமம் ஒன்றில் செய்த ஆய்வு 2006-ல் வந்தது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று வரைந்து பார்த்தபோது, அவரவர் பயன்படுத்தும் வலையை ஒட்டியே பேச்சும் ஓடியது தெரிந்தது. செவுள்வலைக்காரர் செவுள்வலைக்காரரோடு, கரைவலைக்காரர் கரைவலைக்காரரோடு. இதற்கெல்லாம் நடுவில், அதிகத் தொடர்புகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். செல்வாக்கு அவர்களிடம் இருந்தது. ஆனால் கெட்டுக்கொண்டிருந்தது ஆழ்கடல் இல்லை, கரையோரத்துக் கடற்புல் படுகையும் அதை நம்பியிருக்கிற மீனும். தினமும் அதைத் தாண்டிப் போய்வருகிறவருக்கு அது கண்ணில் படுவதில்லை, அவர் பிழைப்பும் அதில் இல்லை. தெரிந்தவர்களிடம் செல்வாக்கு இல்லை, செல்வாக்கு இருப்பவர்களுக்கு விஷயம் தெரியவில்லை. கரையோர மீன்வளம் தேய்வது குறித்து ஊர் ஏன் ஒன்றாகச் சேர்ந்து எதுவும் செய்யவில்லை என்பதற்கு ஆய்வாளர்கள் இதையும் ஒரு காரணமாக வைத்தார்கள்.

ஆக, ஊருக்கு ஒரு வலைப்பின்னல் என்று எதுவும் கிடையாது. காற்று, அலை பற்றிக் கேட்க ஓர் ஆள், கடன் கேட்க வேறு ஆள், இந்தத் தடவை வலையை மாற்றலாமா என்று கேட்க மூன்றாவது ஆள். எல்லாவற்றையும் ஒரே படத்தில் கொட்டினால் கிடைப்பது நூல் சிக்கல்தான்.

செய்தி பரவுவதும் பழக்கம் மாறுவதும்

நிறையப் பேர் தடுமாறுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்கிற சமூகவியலாளர் சொன்னது இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது: புதிய தகவல் பெரும்பாலும் நெருங்கியவர்களிடமிருந்து வருவதில்லை, அரைகுறையாகத் தெரிந்தவர்களிடமிருந்துதான் வருகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது ஏற்கெனவே நமக்கும் தெரியும். 2004 சுனாமி நாளில் புதுச்சேரி நல்லவாடு கிராமத்தில் நடந்ததை இதற்குப் பொருத்தமாகச் சொல்லலாம். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் போடுகிறார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிவைத்த அறிவு மையம் இருக்கிறது, அதில் ஒலிபெருக்கி இருக்கிறது. எச்சரிக்கை ஒலிக்கிறது, ஜனங்கள் ஓடுகிறார்கள், 3,600-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்புகிறார்கள். தூரத்திலிருந்து வந்த ஒரே ஒரு இழை போதுமானதாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் ஊருக்கு ஊர் ஒலிபெருக்கி வைத்துவிடலாம் என்று கிளம்புவது தவறு. அந்த ஒலிபெருக்கி அன்றைக்குத் திடீரென்று முளைக்கவில்லை. அலை எவ்வளவு உயரம் வரும், கடலுக்குப் போகலாமா என்று வழக்கமாகச் சொல்லிவந்த மையம் அது, அதன் பேச்சைக் கேட்டு ஜனங்களுக்குப் பழகியிருந்தது. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் ஒலிபெருக்கிகூட இல்லை. 1907-ல் வந்த பேரலையை அவர்கள் 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, தாத்தா பாட்டி வழியாகக் கதையாகவே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004-ல் சுமார் 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். ஒருவர் கத்தினால் போதும், மற்றவர்கள் யோசிக்கவே இல்லை. யோசிக்கிற வேலை 97 வருடமாக வீட்டுக்கு வீடு நடந்து முடிந்திருந்தது.

இப்போது வேறு காட்சி. சின்ன மீனையும் வாரிக்கொண்டு வரும் வலையை விட்டுவிடுங்கள், கண் பெரிய வலைக்கு மாறுங்கள் என்று ஒருவரிடம் சொல்கிறோம். அவருக்குத் தகவல் தெரியாமலா இருக்கிறது? நம்மைவிட நன்றாகவே தெரியும். அவர் பார்ப்பது பக்கத்துப் படகை. நான் விட்டுவிட்டு அவன் விடாவிட்டால், நான் விட்ட மீனையும் அவனே அள்ளிக்கொண்டு போவான். ஒரே ஒருவர் வந்து சொன்னால் இந்தப் பயம் போகாது. மைத்துனர் மாறி, கூட்டாளி மாறி, எதிர்வீட்டுக்காரரும் மாறியதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் கை அசையும். 2010-ல் டேமன் சென்டோலா என்கிற சமூகவியலாளர் இணையத்தில் செய்த பரிசோதனையிலும் இதுதான் தெரிந்தது: புதிய பழக்கம் ஒன்று, தூரத் தொடர்புகள் சிதறிக்கிடக்கும் வலைப்பின்னலைவிட, ஒருவரையொருவர் தெரிந்த கொத்துகள் நிறைந்த வலைப்பின்னலில்தான் அதிகமாகவும் வேகமாகவும் பரவியது, ஏனென்றால் அங்கே ஒரே விஷயம் பல பக்கத்திலிருந்தும் வந்து தட்டுகிறது.

எச்சரிக்கைக்கு அமைத்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பழக்கத்தை மாற்றப் பார்ப்பதும், பழக்கம் மாற்ற நடத்துகிற மெதுவான கூட்டங்களை நம்பி எச்சரிக்கையை விட்டுவைப்பதும் ஒன்றுக்கொன்று சளைத்த தவறுகள் அல்ல. ஊருக்கு ஒருவர் என்று பத்து ஊரில் பத்து முன்னோடிகளைத் தேர்ந்தெடுத்து விழா எடுப்பார்கள். பத்துப் பேரும் தனித்தனியாக நின்று கேலிப் பேச்சு வாங்கி, அடுத்த பருவத்தில் பழைய வலைக்கே திரும்பிவிடுவார்கள். அதே பத்துப் பேரை ஒரே துறையில், பக்கத்துப் பக்கத்துப் படகுகளில் பிடித்திருந்தால் கதை வேறாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

போட்டியாளர்களைப் பிரித்தே வைக்க வேண்டும் என்று நினைப்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். கென்யாவில் ஐந்து சமூகங்களில் 648 மீனவர்களை வைத்து 2019-ல் வந்த ஆய்வில், ஒரே மீனுக்குப் போட்டி போடுகிறவர்கள் தங்களுக்குள் பேச்சுவார்த்தையும் வைத்திருந்த இடங்களில் பவளப்பாறை மீன்வளம் நன்றாக இருந்தது. பேச்சினால்தான் மீன் பெருகியது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, மீன் நிறைய இருந்ததால் சண்டையில்லாமல் பேசியிருக்கவும் கூடும். இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் மேடைக்கு மேடை சொல்வது இன்னொரு தவறு.

கேள்வித்தாளில் நடக்கிற கூத்து

படகில் போகிறவரை மட்டும் கேட்டால் பாதி ஊர் காணாமல் போய்விடும். மீன் விற்கிறவர்கள், கருவாடு போடுகிறவர்கள், வற்றுநேரத்தில் நடந்துபோய்ச் சிப்பியும் நண்டும் பொறுக்குகிறவர்கள், இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சந்தையில் எந்த மீன் வரத்து குறைகிறது, எது புதிதாக வருகிறது என்று பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்கிற கண் அவர்களுடையது. குடும்பத் தலைவர் யார் என்று தொடங்கும் கேள்வித்தாளில் அவர்கள் வருவதே இல்லை.

கேள்வியின் வாசகமும் ஆளை மாற்றிவிடும். "கடல் பற்றிய முக்கியமான விஷயங்களை யாரிடம் கலந்துபேசுவீர்கள்?" என்று கேட்டால், பதிலில் மரியாதைக்குரிய பெயர்கள் வரும்: தலைவர், அதிகாரி, பெரியவர். "கடைசியாக எப்போது கடலுக்குப் போகாமல் இருந்தீர்கள்? போக வேண்டாம் என்று யார் சொன்னார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசித்து, சிரித்து, ஒரு மச்சான் பெயரோ, பனிக்கட்டி விற்கிற பையன் பெயரோ வரும். அப்புறம் அந்த ஐந்து கோடு: ஐந்து பேர் பெயரை எழுதுக என்று தாளில் ஐந்து வரி போட்டிருப்பார்கள். பன்னிரண்டு பேரோடு பழகுகிறவரும் ஐந்தோடு நிறுத்துவார், இரண்டே பேர் இருப்பவர் வெட்கப்பட்டு மூன்று பெயரைச் சேர்ப்பார். கடைசியில் வரைந்த படத்தில் எல்லாரும் ஏறக்குறைய சமமான தொடர்போடு இருப்பார்கள். வரைந்தது ஊரை இல்லை, அந்த ஐந்து கோட்டை.

மீன் இல்லாத பருவத்தில் கேட்டதும் மீன் கொழிக்கும் பருவத்தில் கேட்டதும் ஒன்றாக இருக்காது. புயலுக்கு முந்தைய படம் புயலுக்குப் பிந்தைய ஊருக்குப் பொருந்தாது, ஆட்கள் இடம் பெயர்ந்திருப்பார்கள், கடன்காரர் மாறியிருப்பார்.

வரைந்த படத்தைப் பெயரோடு வெளியிடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை, ஆனால் செய்கிறார்கள். யார் யாரிடம் கடன் வாங்குகிறார், யார் தடை செய்த வலையை யாரோடு சேர்ந்து இழுக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயர்களை எடுத்துவிட்டு, வெறும் புள்ளிகளாக, படத்தை முதலில் அந்த ஊர்க்காரர்களிடமே கொண்டுபோய் விரித்துக் காட்டுங்கள். இங்கே ஒரு ஆள் விட்டுப்போச்சே என்று யாராவது விரல் வைப்பார்கள், அந்த ஆளைத் தேடிப் போவதுதான் அடுத்த நாள் வேலை.