ஜெபிக்க வார்த்தை வராத நாட்களுக்கு

ஜெபிக்க உட்கார்ந்தாலே மனம் எங்கெங்கோ ஓடுகிறதா? வேதாகமத்தில் உள்ள சங்கீதப் புத்தகத்தைத் திறந்து ஒரு வசனத்தை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு அதையே உங்கள் வார்த்தையில் ஜெபமாக்குங்கள்.

உதாரணத்துக்கு 13-ம் சங்கீதம். ஆறே வசனங்கள்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று அதைப் பாடிய தாவீது ராஜா நேரடியாகவே கேட்டுவிடுகிறார். அங்கேயே நிறுத்தி, கிடைக்காத வேலை, தீராத நோய், பேசாமல் போன பிள்ளை என்று உங்கள் மனதில் இருப்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முறையிடுவதும் ஜெபம்தான், தயங்க வேண்டாம். அப்புறம் அடுத்த வசனம். கடைசி வசனத்தில் தாவீது பாடுவேன் என்கிறார். உங்களுக்கு அன்று பாட்டு வராவிட்டாலும் பரவாயில்லை, வாசித்துவிட்டு எழுந்திருங்கள்.

தினமும் தொடர 119-ம் சங்கீதம் வசதி. 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். நாளுக்கு ஒரு பகுதி போதும். ஒரே வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கிறேன் என்று கிளம்பி, சட்டங்கள் நிறைந்த மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுபோவதைவிட இது எவ்வளவோ மேல்.

நேரமா? தானியேல் தீர்க்கதரிசி தினம் மூன்று வேளை முழங்காலிட்டு ஜெபித்தார் (தானியேல் 6:10). நீங்கள் ஒரு வேளையில் ஆரம்பியுங்கள், காலையில் கைபேசியைத் தொடுவதற்கு முன்பு.