பூச்செடி வளர்க்கும் விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைப்பிரசங்கத்தில் இயேசு காட்டுப்புஷ்பங்களைக் காட்டி, ‘அவைகள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை’ என்றார் (மத்தேயு 6:28). இந்த வசனத்தைச் சாக்காக வைத்துத் தோட்டத்தை அம்போவென்று விடுகிறவர்கள் உண்டு. விதைத்தாயிற்று, ஜெபமும் பண்ணியாயிற்று, மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். ஆனால் அவர் அங்கே சொன்னது கவலைப்படாதே என்று. வேலை செய்யாதே என்று இல்லை. தொட்டியில் நிற்கும் ரோஜா காட்டுப்பூவும் இல்லை. தண்ணீர் தேடி அதன் வேர் தொட்டியைத் தாண்டிப் போக முடியாது. அதை அங்கே கொண்டுவந்து வைத்தவர்கள் நாம்தான், ஆகவே அதன் தாகமும் நம் பொறுப்பு. ஏதேன் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ தேவன் மனிதனை வைத்தார் என்பது ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. பாவம் நுழைவது அதற்கு அடுத்த அதிகாரத்தில்தான். தோட்ட வேலை தண்டனையாக வந்ததல்ல.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பாசம் மிஞ்சிப்போய்ச் செடியைக் கொல்வது. தண்ணீர் அதிகமானால் மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது; இலை தொங்கிப்போகும். இலை தொங்குவதைப் பார்த்தவுடன் பதறிப்போய் இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம், கதை முடிந்தது. ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். உரமும் இப்படித்தான். தழைச்சத்து கூடிப்போனால் செடி கரும்பச்சையாகச் செழித்து நிற்கும், பூ மட்டும் வராது. உக்கிராணக்காரனிடம், அதாவது எஜமானின் பொருளைப் பராமரிக்கிறவனிடம், தேடப்படுவது உண்மை என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 4:2). தோட்டத்தில் அந்த உண்மை பெரும்பாலும் கவனிப்பதில்தான் இருக்கிறது. நமக்குக் கொடுக்கத் தோன்றுவது வேறு, செடி கேட்பது வேறு.

கவாத்துக்கு வருவோம். அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. நன்றாக இருக்கும் கிளையை வெட்ட மனசு வராது. வெட்டாமல் விட்ட ரோஜாவோ நெடுநெடுவென்று வளர்ந்து, நுனியில் மட்டும் சின்னதாக ஒரு பூ விடும். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, செடியின் நடுவை நோக்கி வளரும் கிளை, இவற்றை முதலில் எடுங்கள். மீதியுள்ளதில் வெளிப்பக்கம் பார்த்திருக்கும் முளை ஒன்றைத் தேர்ந்து, அதற்குச் சுமார் 5 மில்லிமீட்டர் மேலே, முளைக்கு எதிர்ப்பக்கம் தாழ்வாக இருக்கும்படி சாய்வாக வெட்டுங்கள். தண்டின் உட்பகுதி பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே போங்கள். வெண்மை தெரியும் இடத்தில் நிறுத்தலாம். கத்தரி கூர்மையாகவும் சுத்தமாகவும் இருக்கட்டும்.

‘கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்’ என்ற யோவான் 15:2 இந்த வேலையில் நன்றாகவே விளங்கும். விளங்கிய கையோடு அடுத்தவர் வீட்டுக்குப் போய், துக்கத்தில் இருக்கிறவரிடம் “கர்த்தர் உங்களைச் சுத்தம்பண்ணுகிறார்” என்று சொல்லக் கிளம்பாதீர்கள். அந்த வசனத்தில் தோட்டக்காரர் பிதா. கத்தரி நம் கையில் இல்லை. மனிதர்கள் விஷயத்தில் நமக்குப் பொருந்துவது லூக்கா 13-இல் வரும் தோட்டக்காரனின் பேச்சு. மூன்று வருஷமாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிப்போடச் சொன்ன எஜமானிடம், இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று தவணை கேட்டானே, அது.

பூச்சியைக் கண்டதும் மருந்தைத் தூக்குவது அடுத்தது. மொட்டில் அசுவினி ஒட்டியிருந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிப் பாருங்கள். பொறிவண்டு இருந்தால் அசுவினியை அதுவே தின்னும். மருந்துதான் வேண்டும் என்றால், மலர்ந்த பூவின் மேல் படாமல், தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு சாயங்காலத்தில் தெளிக்கலாம். ‘பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது’ என்ற சங்கீதம் 24-இன் நிறைவில் தேனீயும் சேர்த்திதானே!

செடி பட்டுப்போனால் என் விசுவாசத்தில் ஏதோ குறை என்று சிலர் குழம்பிப்போகிறார்கள். செண்டுமல்லி பூத்து, விதை விட்டு, காய்ந்துபோவது அதன் இயல்பு. குறை இருந்தாலும் அதை மண்ணிலும் வெயிலிலும் தேடுவதே நல்லது. ரோஜாவுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். நிழலில் வைத்துவிட்டு மனஸ்தாபப்பட்டு என்ன பயன்? பூத்துக் குலுங்கினால் பரிசுத்தத்துக்குச் சான்று என்பதும் இல்லை. நீதியுள்ளவர்கள் மேலும் அநீதியுள்ளவர்கள் மேலும் மழை பெய்யத்தான் செய்கிறது.

அப்புறம், கொடுப்பது. பீடத்துக்கு என்று போகும்போது நாமே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற பூ போகட்டும், வாடப்போவதைத் தள்ளிவிட வேண்டாம். அதற்காகச் செடியை மொட்டையடிக்கவும் வேண்டாம். பருவக் கடைசியில் செண்டுமல்லியில் சில பூக்களைப் பறிக்காமல் செடியிலேயே காயவிட்டு, விதையை எடுத்துக் காகித உறையில் போட்டு, கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். கலப்பின ரகமாக இருந்தால் விதையிலிருந்து வருவது தாய்ச்செடி மாதிரியே இருக்காது. கொடுக்கும்போதே அதையும் சொல்லிவிடுவது நல்லது.