பழைய செரோக்கி ஜீப்பில் புதிய பிரேக் பூஸ்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1984 முதல் 2001 வரை தயாரான ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே வண்டிகளைக் காட்டுப்பாதைக்காக மாற்றியமைப்பவர்கள் அமெரிக்காவில் இன்றும் ஏராளம். பாறைகளில் ஏறுவதற்காக 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயரை மாட்டினால், அதே காலிபரும் (முன்சக்கரத் தட்டை பேடுகளால் இறுக்கும் பகுதி) அதே டிரம்மும் (உள்ளிருந்து ஷூக்கள் அழுத்திப் பிடிக்கும் பின்சக்கர உருளை) தரையில் தரும் நிறுத்தும் விசை ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்துவிடும். கனமான சக்கரத்தின் சுழற்சியை அடக்க வேண்டிய வேலையும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். எஞ்சினின் உறிஞ்சலால் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு பெடலை மிதிக்கும் காலுக்கு உதவும் கலமே பூஸ்டர்; அதனுள் ஒருபுறம் வெற்றிடமும் மறுபுறம் வெளிக் காற்றழுத்தமும் இருக்க, அந்த வேறுபாட்டால் தள்ளப்படும் ரப்பர் தகடே டயாஃப்ரம். ஒற்றை டயாஃப்ரம் கொண்ட பழைய பூஸ்டரை எடுத்துவிட்டு, 1995, 1996ஆம் ஆண்டு வண்டிகளில் வந்த இரட்டை டயாஃப்ரம் பூஸ்டரைப் பொருத்தும் வழக்கம் இதனால்தான் பரவியது. நல்ல மாற்றம்தான். ஆனால் போல்ட் துளைகள் பொருந்திவிட்டதாலேயே வேலை முடிந்துவிட்டது என்று நம்புவது ஆபத்தானது. பெடல், பூஸ்டர், பிரேக் ஆயிலைக் குழாய்களுக்குள் அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே இயக்கமாகச் செயல்படுகின்றன என்பதால், ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் அளந்து பார்த்தே ஆகவேண்டும்.

பூஸ்டர் பிரேக்கின் திறனைக் கூட்டும் என்று நினைப்பதே முதல் தவறு. அது காலின் உழைப்பைப் பகிர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு டயாஃப்ரம், எஞ்சினின் வழக்கமான வெற்றிட அளவில், சுமார் 200 கிலோ எடைக்கு ஈடான விசையைச் சேர்க்கும். இரண்டாவது டயாஃப்ரம் வந்தால் அதே அகலத்துக்குள் பரப்பளவு கூடுகிறது. எண்ணெய் ஊறிய பிரேக் ஷூவையோ, அழுத்தத்தில் உப்பும் பழைய ரப்பர் ஹோஸையோ, தானாகச் சரிசெய்துகொள்ளாத பின்சக்கர டிரம்மையோ இந்தக் கூடுதல் விசை குணப்படுத்தாது. ஆகவே இருக்கும் பிரேக்கை முதலில் முழுமையாகச் சீர்செய்து, அதன் பிறகும் பெடல் கடினமாக இருந்தால் மட்டுமே பூஸ்டரைத் தேடுவது முறை.

வாங்கும்போது ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1997இல் வண்டியின் உட்புறமும் டாஷ்போர்டும் திருத்தியமைக்கப்பட்டதால், அதற்குப் பிந்தைய பூஸ்டர் பழைய வண்டியில் அதே எளிமையுடன் உட்காரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 1989க்கும் 1991க்கும் இடைப்பட்ட சில வண்டிகளில் வந்த பெண்டிக்ஸ் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும்) அமைப்பு முற்றிலும் வேறானது. அதில் மின்பம்பு ஒன்று பிரேக் ஆயிலை மிகுந்த அழுத்தத்தில் சேமித்து வைக்கிறது. இக்னிஷனை அணைத்து, பெடலைப் பலமுறை மிதித்து அந்த அழுத்தத்தை வெளியேற்றாமல் குழாயைக் கழற்றுபவர் காயப்பட நேரிடும்.

இனி, எல்லாவற்றையும்விடக் கவனம் கோரும் இடத்துக்கு வருவோம்: பூஸ்டரின் முன்பக்கத்திலிருந்து நீண்டு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராட். பிஸ்டன் முழுவதும் பின்வாங்கி நிற்கும் நிலையில், அதன் ரப்பர் வாஷருக்குச் சற்று முன்னால் மிகச் சிறிய துளை ஒன்று திறந்திருக்கும். பிரேக்கை விட்டதும் எஞ்சிய அழுத்தம் இந்தத் துளை வழியாகவே தொட்டிக்குத் திரும்புகிறது. புஷ் ராட் ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் பிஸ்டன் அந்தத் துளையை மூடியபடியே நின்றுவிடக்கூடும். வண்டி புறப்படும்போது எந்தக் குறையும் தெரியாது. ஓட ஓட பிரேக் சூடாகும், ஆயில் விரியும், விரிந்த ஆயில் போக வழியின்றி ஷூவையும் பேடையும் மேலும் அழுத்தும். முடிவில் சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். மாறாக ராட் குட்டையாக இருந்தால், பெடலின் முதல் பகுதி வெறுமனே வீணாகி, பிரேக் தாமதமாகப் பிடிக்கும்.

அளப்பது கடினமன்று. பிஸ்டனின் குழிக்குள் ஓர் உருண்டை மாடலிங் களிமண்ணை வைத்து, கேஸ்கட்டோடு மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரில் பொருத்தி, மீண்டும் கழற்றினால், நசுங்கிய களிமண்ணின் தடிமனே இடைவெளி. பெரும்பாலான வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்க வேண்டும். சரியான அளவை அந்தந்த வண்டியின் பட்டறைக் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ராட்டின் நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் வசதி எல்லாப் பூஸ்டரிலும் இருப்பதில்லை. வசதி இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்கும் பூஸ்டருக்கும் நடுவே சாதாரண உலோக வாஷர்களைச் செருகிச் சமாளிக்கும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அந்த இணைப்பே பல பூஸ்டர்களில் வெற்றிடத்தைக் காக்கும் அடைப்பாகவும் இருக்கிறது.

மாஸ்டர் சிலிண்டரின் துளை விட்டமும் பெடலின் தன்மையை மாற்றும். 15/16 அங்குலத்திலிருந்து 1 அங்குலத்துக்கு மாறினால் பரப்பு சுமார் 14 சதவீதம் கூடுவதால், பெடல் குறைவாக இறங்கும்; ஆனால் அதே அளவு மிதிக்குக் குழாயில் கிடைக்கும் அழுத்தம் குறையும். பெரியதுதான் சிறந்தது என்று வாங்குபவர்கள், பூஸ்டரால் கிடைத்த பயனில் ஒரு பங்கை இங்கேயே இழக்கிறார்கள். குழாய் முனைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்: இரட்டை மடிப்பு முனையும் குமிழ் முனையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரா. நட்டை அழுத்தி முறுக்கினால் கசிவு அப்போதைக்கு நின்றதுபோலத் தோன்றலாம். அதை நம்பி மலையிறங்கக் கூடாது.

எஞ்சினிலிருந்து பூஸ்டருக்கு வெற்றிடத்தைக் கொண்டுவரும் வேக்கம் ஹோஸுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த பெட்ரோல் ஹோஸை மாட்டினால், அது உறிஞ்சலில் சப்பி அடைபடக்கூடும். அந்த ஹோஸ் வழியில் இருக்கும் செக் வால்வை (ஒருவழித் தடுப்பை) புதிதாகவே போடுவது நல்லது. செங்குத்தான இறக்கத்தில் எஞ்சின் நின்றுபோனால், பூஸ்டருக்குள் தேங்கிய வெற்றிடத்தைக் காப்பது அந்த வால்வுதான், அதுவும் ஓரிரு மிதிப்புக்கு மட்டுமே. கொலராடோவில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரமுள்ள இமோஜீன் கணவாய் போன்ற இடங்களில் காற்றழுத்தமே குறைவு என்பதால், எந்தப் பூஸ்டரும் கீழே தந்த உதவியை அங்கே தராது.

பிரேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றி முடித்ததும், பிரேக் விளக்கு சுவிட்சையும் பெடல் முழுவதும் மேலே திரும்புகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துப் பெடலைச் சிலமுறை மிதித்து, மிதித்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்தால், பெடல் சற்றுத் தாழ வேண்டும். பிறகு ஆளில்லாத சமதளப் பாதையில் சிறிது தூரம் ஓட்டி, ஸ்டாண்டில் ஏற்றி, நான்கு சக்கரங்களையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஏதேனும் இறுகியிருந்தால், மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிணைக்கும் இரண்டு நட்டுகளையும் சில சுற்றுகள் தளர்த்திப் பாருங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் புஷ் ராட் அல்லது பெடல் சரிசெய்தலில்தான் குறை. அப்படியும் விடுபடாமல், காலிபரின் பிளீடர் திருகை (காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் சிறு திருகை) திறந்த பின்னரே விடுபட்டால், பூஸ்டரை விட்டுவிட்டு ஹோஸ், குழாய், வால்வு ஆகியவற்றில் அடைப்பைத் தேட வேண்டும்.