மலைப்பாதைக்கு முன் வீட்டு வண்டியின் ஆர்.சி.யைப் பாருங்கள்

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வந்ததும் பாக்குத் தோப்புகளின் குளிர் முகத்தில் அடிக்கும். அதற்காகவே வெளிநாட்டிலிருந்து பதினாறு நாள் விடுப்பில் ஊருக்குப் போனேன். பதினொரு நாள் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் போயிற்று.

அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் நீலகிரி ஏற ஆசை. 2006இல் வாங்கிய வண்டி. அப்பா 2022இல் போய்விட்டார். "யாருப்பா கேக்கப் போறா, எடுத்துட்டுப் போ" என்றார் சித்தப்பா. ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைப் பார்த்தேன். சொந்த வண்டிக்கு அது செல்லுவது 15 வருடம்தான், 2021லேயே முடிந்திருந்தது. இன்சூரன்ஸும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் யார்மேலாவது மோதிவிட்டால் நஷ்டஈடு முழுதும் நம் தலையில்தான்.

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நான் போனது மூன்று வருடம் கழித்து. முதல் நாள், வாரிசுச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். கொண்டுபோனேன். அம்மாவும் தங்கையும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். அதையும் கொடுத்த பிறகு, முதலில் வண்டியை ஆய்வுக்குக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். முதல் நாளே மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாமே! ஆய்வன்று அம்மாவும் வந்தார். சீட்டுக் கிழிசலை அப்பா நைலான் நூலால் தைத்திருந்தார். அந்தத் தையலைத் தடவியபடி அம்மா, "நீ வரும்போது பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்பா" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே டிக்கெட் போடும் முன்பே ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் படமெடுத்து அனுப்ப வீட்டில் சொல்லுங்கள். ஒன்று குறைந்தாலும் வாடகை வண்டிதான். அதற்குக் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்குத் தந்தால் வாங்காதீர்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நீங்கள் வாழும் நாட்டிலேயே வாங்கிவிடுங்கள், அதில் மோட்டார் சைக்கிள் வகுப்புக்கும் முத்திரை இருக்கட்டும். ஊட்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். வண்டி எண் கேட்பார்கள், எண் கைக்கு வந்த பிறகுதான் எடுக்க முடியும்.

முதுமலை வழியாக பந்திப்பூர் போகிறவர்கள் பொழுதோடு கிளம்புங்கள். இரவு 9 முதல் காலை 6 வரை பாதை மூடியிருக்கும். காட்டுக்குள் யானையைப் பார்த்தால் வண்டியை நிறுத்திப் படமெடுக்காதீர்கள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழி ஏறினால் 36 வளைவு.

எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். வாடகை வண்டியில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கினேன். இறக்கத்தில் நியூட்ரல் போடாதே, பிரேக்கையும் பிடித்தபடியே இராதே, ஏறின கியரிலேயே இறங்கு என்பார் அப்பா. இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். தேயிலைத் தோட்டம் முடிந்து சமவெளியின் வெக்கை ஏறும்வரை கியரை மாற்றவில்லை.